தலையில் இரண்டு புள்ளி: ஒரு திராட்சையின் பெயர்க் கதை

கெவுர்ட்ஸ்ட்ராமினர். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஒரு திராட்சை வகையின் பெயர் இது. அதிலிருந்து எடுக்கும் வெள்ளை ஒயினுக்கும் இதே பெயர்தான். ஜெர்மன்காரர்கள் இதை எழுதும்போது முதல் பாதியில் வரும் ஓர் உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். ரைன் ஆற்றைத் தாண்டி மேற்கே பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்குப் போனால் அதே திராட்சை, அதே பெயர், ஆனால் பாட்டிலில் புள்ளி இருக்காது. தெற்கே ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இருக்கும் தென் டிரோலுக்குப் போனால் புள்ளி மறுபடி வந்துவிடும்.

புள்ளிதானே, இதுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். வாசனை மிகுந்த ஒயின்களுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று சில வாரங்களாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மற்ற திராட்சைகளுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் போதுமாக இருந்தது. இதற்கு மட்டும் நோட்டு நிறைந்துவிட்டது. காரணம், இந்தத் திராட்சை விளையும் இரண்டு முக்கியமான இடங்களுமே எல்லைப்புறங்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த இரண்டு இடங்களிலும் மனுஷங்க தங்கள் ஊர்ப் பெயரை, குழந்தையின் பெயரை, கல்லறையில் செதுக்கிய பெயரைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு பழத்தின் பெயர் வழியாக அதைப் பார்க்க முடிகிறது.

இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

பெயரில் இருக்கும் ஊர்

பெயரை இரண்டாக உடைத்தால் "கெவுர்ட்ஸ்" என்பதற்கு ஜெர்மனில் மசாலாப் பொருள், வாசனைச் சரக்கு என்று பொருள். "ட்ராமினர்" என்றால் ட்ராமின் ஊரைச் சேர்ந்தது. ட்ராமின், தென் டிரோலில் அடிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு சின்ன ஊர். நம்மூரில் மணப்பாறை முறுக்கு, திண்டுக்கல் பூட்டு என்பதுபோல ஊர்ப் பெயரே சரக்கின் பெயர் ஆகிவிட்டது.

ட்ராமின் ஒயினுக்கு இடைக்காலத்திலேயே நல்ல பெயர் இருந்தது. அதை வைத்து, இந்தத் திராட்சை அங்கேதான் பிறந்தது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். மரபணு ஆய்வு வந்தபிறகு கதை மாறியது. ட்ராமினர் என்பதும், பிரான்ஸின் ஜூரா மலைப் பகுதியில் சாவன்யான் என்று அழைக்கப்படும் திராட்சையும் ஒன்றேதான். அதன் உறவுகளை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தவர்கள், பிறந்த இடம் அனேகமாகப் பிரான்ஸின் வடகிழக்குக்கும் ஜெர்மனியின் தென்மேற்குக்கும் இடைப்பட்ட பகுதியாக இருக்கும் என்கிறார்கள். இடைக்காலத்தில் "ட்ராமினர்" என்று புகழ்பெற்றது அந்த ஊர் வியாபாரிகள் விற்ற ஒயின். அது எந்தத் திராட்சையிலிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. ஆக, பெயர் ஓர் ஊருடையது, பழம் வேறொரு சீமையுடையது.

இந்தச் சாவன்யான் சாதாரண ஆள் இல்லை. ஐரோப்பிய திராட்சைகளின் குடும்ப மரத்தில் இது ஒரு பெரிய பாட்டன். சோவின்யோன் பிளாங்க், ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லீனர், ஜெர்மனியின் சில்வானர் எல்லாம் இதற்கு நேரடிச் சொந்தம். உலகம் முழுக்கப் பயிராகும் காபர்னே சோவின்யோனுக்குத் தாய் தகப்பனில் ஒருவர் சோவின்யோன் பிளாங்க் என்பது 1990களில் தெரியவந்தது. அந்த வழியில் பார்த்தால் அந்தச் சிவப்புத் திராட்சையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இன்னொரு ஆச்சரியம் 2019இல் வந்தது. பிரான்ஸில் அகழாய்வில் கிடைத்த 28 பழைய திராட்சை விதைகளின் மரபணுவை ஆராய்ந்து "நேச்சர் பிளான்ட்ஸ்" இதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஆர்லியான் நகரில் தோண்டி எடுத்த, ஏறக்குறைய 900 வருஷப் பழமையான ஒரு விதை, இன்றைய வெள்ளைச் சாவன்யானோடு அச்சு அசலாகப் பொருந்தியது. சொந்தக்காரத் திராட்சை இல்லை, அதே திராட்சை. இது எப்படி முடியும்? விதை போட்டு வளர்த்தால் முடியாது. விதையில் ஒவ்வொரு முறையும் தாயும் தகப்பனும் கலந்து புதுச் செடி வந்துவிடும். முருங்கைப் போத்தை வெட்டி நடுகிற மாதிரி, கொடியின் குச்சியை வெட்டி நட்டுக்கொண்டே வந்தால் மட்டும்தான் அதே செடி தொடரும். அப்படியென்றால் 900 வருஷமாக, போர், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாவற்றுக்கும் நடுவில், யாரோ ஒருவர் அந்தக் குச்சியை விடாமல் வெட்டி நட்டிருக்கிறார். ஒரு தலைமுறை விட்டிருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

வாசனை வந்த விதம்

சாவன்யான் வெள்ளைத் திராட்சை. குச்சி வெட்டி நட்டுக்கொண்டே வரும்போது எங்கோ ஒரு கொடியில் தோல் ரோஸ் நிறமாக மாறியது. அதற்குச் சாவன்யான் ரோஸ் என்று பெயர். பிறகு அந்த ரோஸ் நிறக் கொடிகளில் ஒன்றில் இன்னொரு திடீர்மாற்றம் நடந்து, பழத்தில் பயங்கர வாசனை ஏறியது. அதுதான் கெவுர்ட்ஸ்ட்ராமினர். தோல் ரோஸ் நிறமாக இருந்தாலும் சாறு வெளுப்புத்தான், அதனால் ஒயினும் வெள்ளை ஒயின் கணக்கில் சேரும். நிறம் மட்டும் கொஞ்சம் பொன்மஞ்சளாக அடிக்கும்.

மஸ்கட் திராட்சைக்கு அந்த மஸ்கட் வாசனையைக் கொடுக்கும் மரபணு எது என்று 2010 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சி நடந்த சான் மிக்கேலே ஆல் அடிஜே நிறுவனம் ட்ராமினிலிருந்து அதிக தூரமில்லை. கெவுர்ட்ஸ்ட்ராமினரிலும் அதே மரபணுதான் மாறியிருக்கிறது, ஆனால் வேறொரு இடத்தில். அதாவது இரண்டு திராட்சைகளும் தனித்தனியாக ஒரே பூட்டை இரண்டு சாவியால் திறந்திருக்கின்றன.

வாசனை எப்படி இருக்கும்? முதலில் பன்னீர் ரோஜா. அப்புறம் லிச்சிப் பழம். பின்னாலேயே லேசாக இஞ்சி. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் நம்ம ஆட்களுக்கு ரோஸ் மில்க் ஞாபகம் வரலாம். இதில் கற்பனை ஒன்றும் இல்லை. ரோஸ் ஆக்ஸைடு என்று ஒரு பொருள் ரோஜா எண்ணெயில் இருக்கிறது. இந்த ஒயினின் வாசனைக்கு அதுதான் முக்கியக் காரணம் என்று 1997இல் ஹெல்முட் குத் காட்டினார். 1999இல் ஓங், ஏக்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் லிச்சிப் பழத்தையும் இந்த ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, இரண்டிலும் வாசனைப் பொருள்கள் பல ஒன்றே என்று எழுதினார்கள். "லிச்சி மாதிரி இருக்கு" என்று சொல்பவர் அலட்டிக்கொள்கிறார் என்று இனிமேல் நினைக்க வேண்டாம்.

ஒரே வீடு, நாலு முறை நாடு மாறியது

இந்த ஒயினுக்கு இன்று உலகத்தில் பெரிய பெயர் அல்சாஸில்தான். அங்குள்ள திராட்சைத் தோட்டப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான்.

அல்சாஸின் கணக்கு இப்படிப் போகிறது. 1871இல் பிரான்ஸ் போரில் தோற்று, அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது. 1918இல் திரும்பப் பிரான்ஸுக்கு. 1940இல் நாஜி ஜெர்மனிக்கு. 1945இல் மறுபடி பிரான்ஸுக்கு. 1870இல் கோல்மார் நகரில் பிறந்து 75 வயதுவரை அதே வீட்டில் வாழ்ந்த ஒரு பாட்டிக்கு நாலு முறை நாடு மாறியிருக்கும். அந்தம்மா வாசலைக்கூடத் தாண்டியிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு மாற்றத்திலும் பெயர்தான் முதலில் அடிவாங்கியது. 1918க்குப் பிறகு பிரெஞ்சு அரசு மக்களைப் பிறப்பு வாரியாக நாலு வகையாகப் பிரித்து அடையாள அட்டை கொடுத்தது. யாருடைய தாய் தகப்பன் எந்த நாட்டார் என்பதை வைத்து வகை. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியிருந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேற்றப்பட்டார்கள். 1940இல் ராபர்ட் வாக்னர் என்ற நாஜி அதிகாரியின் கையில் அல்சாஸ் போனதும் எல்லாம் தலைகீழ். தெருப் பெயர், கடைப் பலகை, ஆள் பெயர் எல்லாம் ஜெர்மனாக வேண்டும். ஜான், யோஹான் ஆனார். பிரெஞ்சுத் தொப்பி போடுவதுகூடக் குற்றம். கல்லறைக் கல்லில் இருந்த பிரெஞ்சு எழுத்துக்கும் அதே கதி. முலூஸ் நகரத்தில் "காட்டுமிராண்டித் தெரு" என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுப் பெயர் கொண்ட தெரு இருந்தது. அதற்கு ஹிட்லரின் பெயரை வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பார்கள். நம்ம சாவன்யான் என்ற பெயரும் அதே "காட்டு" என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகத்தான் கருதுகிறார்கள்.

சிரிப்பு அத்தோடு சரி. 1942 ஆகஸ்டில் அல்சாஸ் இளைஞர்களைக் கட்டாயமாக ஜெர்மன் ராணுவத்தில் சேர்க்க உத்தரவு வந்தது. அல்சாஸிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பக்கத்து மோசெல் பகுதியிலிருந்து 30,000 பேர். பெரும்பாலோர் ரஷ்யப் போர்முனைக்குப் போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. "விருப்பமில்லாமல் போனவர்கள்" என்றுதான் அங்கே இன்றும் அவர்களுக்குப் பெயர்.

1944 டிசம்பரில் தொடங்கி 1945 பிப்ரவரி வரை கோல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் திராட்சைக் கிராமங்கள் தரைமட்டமாயின. அம்மெர்ஷ்விர், பென்விர், சிகோல்ஷைம், மிட்டெல்விர். இன்று கெவுர்ட்ஸ்ட்ராமினர் பாட்டிலில் இந்த ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம். சிகோல்ஷைமில் மாம்பூர் என்றொரு சரிவு, இந்தத் திராட்சைக்கே பேர்போன இடம். அதே ஊர்க் குன்றின் மேல் 1,589 வீரர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அவர்களில் நிறையப் பேர் வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சுப் படைக்காக வந்த முஸ்லிம் வீரர்கள். "ரத்தக் குன்று" என்று அதற்குப் பெயர். கல்லறைகளுக்குக் கீழே கொடி வரிசைகள்.

இப்போது புள்ளிக்கு வருவோம். "கெவுர்ட்ஸ்ட்ராமினர்" என்ற முழுப் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஜெர்மன் நிலங்களில் புழக்கத்துக்கு வந்தது. 1871க்குப் பிந்தைய ஜெர்மன் காலத்தில் அல்சாஸில் அது வேரூன்றியது. அங்கே முதலில் சொன்னது வெறும் "ட்ராமினர்" என்றுதான். வாசனை தூக்கலான கொடிகளாகப் பார்த்துப் பார்த்து விவசாயிகள் நட்டுக்கொண்டே வந்தார்கள், நீளமான பெயர் மெல்ல மெல்லக் குட்டைப் பெயரை விழுங்கியது. 1973இல் "ட்ராமினர்" என்ற பெயரை அல்சாஸ் ஒயினில் போடுவதே நின்றது.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம். 1945க்குப் பிறகு அல்சாஸில் ஜெர்மன் என்றாலே வாடை. ஆரம்பப் பள்ளியில் ஜெர்மன் பாடம் நிறுத்தப்பட்டது. பிரெஞ்சு பேசுவதுதான் நாகரிகம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். வீட்டில் பேசிய அல்சாஸ் பேச்சுமொழி ஜெர்மன் கிளைமொழி என்பதால் பிள்ளைகள் அதைப் பேச வெட்கப்பட்டார்கள். இன்று அதைப் பேசுவோர் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், விற்பனைக்குப் போகும் பாட்டிலில் இவ்வளவு நீளமான ஜெர்மன் சொல்லை விட்டுவைத்தார்கள். தலையில் இருந்த இரண்டு புள்ளியை மட்டும் எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பெயர் ஒன்றைச் சூட்டியிருக்கலாம், சூட்டவில்லை. வீட்டுக்குள் மொழி தேய்ந்துபோக, பாட்டில் மேல் ஒரு சொல் தங்கிவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம்

ட்ராமின் ஊரின் கதை இதன் கண்ணாடிப் பிம்பம். அங்கே பேசுவது ஜெர்மன். முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவில் இருந்த ஊர். 1919 ஒப்பந்தத்தில் தென் டிரோல் இத்தாலிக்குக் கொடுக்கப்பட்டது. எத்தோரே தோலொமேய் என்பவர் அங்குள்ள ஆயிரக்கணக்கான இடங்களுக்கு இத்தாலியப் பெயர் போட்டு ஒரு பட்டியலை 1916லேயே தயாராக வைத்திருந்தார். முசோலினி வந்தபிறகு 1923இல் இத்தாலியப் பெயர்கள் மட்டுமே செல்லும் என்று ஆணை வந்தது. ட்ராமின் அரசுக் காகிதத்தில் டெர்மேனோ ஆனது. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் போனது. 1927இல் கல்லறைக் கல்லில்கூட ஜெர்மன் கூடாது என்றார்கள். அல்சாஸில் நாஜிகள் செய்ததை நினைத்துப் பாருங்கள். கொடி வேறு, வேலை ஒன்றே.

ஊர்க்காரர்கள் கொட்டகையிலும் சமையலறையிலும் ரகசியமாகப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். "சுரங்கப் பள்ளிகள்" என்று அவற்றுக்குப் பெயர். ட்ராமினுக்கு அக்கம்பக்கத்து ஊர்களில் பாடம் நடத்திய ஆஞ்செலா நிகோலெட்டி சிறைக்குப் போனார், 1930இல் இருபத்தைந்து வயதில் காசநோயில் இறந்தார். இந்தப் பள்ளிகளுக்கு ஏற்பாடு செய்த வக்கீல் யோசெஃப் நோல்டின் 1927இல் லிபாரி தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1929இல் இறந்தார்.

1939இல் ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்து அந்த மக்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள்: ஜெர்மனிக்குப் போகிறாயா, இங்கேயே இருந்து இத்தாலியனாகிறாயா? நிலத்தை விடு, இல்லை மொழியை விடு. ஏறக்குறைய 86 சதவீதம் பேர் போவதாக எழுதிக் கொடுத்தார்கள். போர் முற்றியதால் உண்மையில் கிளம்பியவர்கள் 75,000 பேர் அளவில். திராட்சைக்கொடி வைத்திருப்பவனுக்கு இந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்? நட்டு மூணு நாலு வருஷம் காத்திருந்தால்தான் கொடி காய்க்கும், அப்புறம் அரை நூற்றாண்டு பலன் தரும். அதை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

1946 ஒப்பந்தம், 1972 தன்னாட்சிச் சட்டம் என்று படிப்படியாக அங்கே நிலைமை சீரானது. இன்று அந்த ஊர் ஒயின் பாட்டிலில் இரண்டு மொழியும் இருக்கும். ஊருக்கும் இரண்டு பெயர், இரண்டும் செல்லும். திராட்சையின் பெயரில் இரண்டு புள்ளி பத்திரமாக இருக்கிறது. அல்சாஸில் புள்ளி போனதற்கும் இங்கே புள்ளி நின்றதற்கும் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, என்ன சாப்பிடலாம்?

சாப்பாட்டுப் பொருத்தம் என்று சொல்வதிலும் வரலாறு ஒளிந்திருக்கிறது.

முதலில் மன்ஸ்டேர் சீஸ். அல்சாஸின் மன்ஸ்டேர் பள்ளத்தாக்கில் ஏழாம் நூற்றாண்டில் துறவிகள் மடம் கட்டினார்கள். அந்த மடத்தின் பெயரில் ஊரும், ஊரின் பெயரில் சீஸும் வந்தன. பாலாடைக்கட்டியை உப்புநீரில் கழுவிக் கழுவிப் பதப்படுத்துவதால் மேல்தோல் ஆரஞ்சு நிறமாகி, கருவாட்டுக் கடை மாதிரி ஒரு நெடி அடிக்கும். உள்ளே வெண்ணெய்போல மென்மை. இதன்மேல் சீமைச் சோம்பைத் தூவிச் சாப்பிடுவார்கள். பார்க்க நம்ம சீரகம் மாதிரியே இருக்கும், வாசம் வேறு. இவ்வளவு நெடிக்கு முன்னால் மெல்லிய வாசனையுள்ள ஒயின் எதுவும் நிற்காது. கெவுர்ட்ஸ்ட்ராமினர் நிற்கும். உப்பும் நெடியும் ஒரு பக்கம், ரோஜாவும் லேசான இனிப்பும் இன்னொரு பக்கம். ஒன்றை ஒன்று அமுக்காமல் சமமாக நிற்பதுதான் இங்கே பொருத்தம்.

இரண்டாவது வாத்து ஈரல், ஃபுவா கிரா. ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் 1780 வாக்கில் அல்சாஸின் ராணுவ ஆளுநர் கோன்தாத் பிரபுவிடம் சமையல்காரராக இருந்த ஜான் பியர் கிளாஸ், ஈரலை மாவுக்கூட்டுக்குள் வைத்துச் சுட்ட பண்டத்தைச் செய்து புகழாக்கினார் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் அந்த ஈரல் எங்கிருந்து வந்தது? மத்திய ஐரோப்பாவின் யூதக் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக வாத்துகளைக் கொழுக்க வளர்த்தன. பன்றிக் கொழுப்பு அவர்களுக்கு விலக்கு. இறைச்சியோடு வெண்ணெய் சேர்ப்பதும் விலக்கு. அப்போ சமைக்கக் கொழுப்புக்கு என்ன வழி? வாத்துதான். கொழுத்த ஈரல் அதில் கிடைத்த கூடுதல் வரவு. 1570இல் வெளியான சமையல் நூலில் போப்பாண்டவரின் சமையல்காரர் பார்த்தோலோமேயோ ஸ்கப்பி, யூதர்கள் வளர்க்கும் வாத்தின் ஈரல் அளவில் பெரியது என்று குறித்திருக்கிறார். அல்சாஸிலும் இந்த வளர்ப்பு யூதர்கள் கைத்தொழிலாக இருந்தது. 1940 கோடையில் நாஜிகள் அல்சாஸில் எஞ்சியிருந்த யூதர்களை வீட்டோடு சொத்தோடு விரட்டினார்கள். பண்டம் "அல்சாஸ் பாரம்பரிய உணவு" என்று மெனு அட்டையில் நின்றுவிட்டது, வளர்த்த கைகளைப் பற்றி அட்டையில் ஒரு வரியும் இல்லை.

ஈரலுக்கும் இந்த ஒயினுக்கும் பொருத்தம் ஏன்? கொழுப்புக்கு ஈடுகொடுக்க உடல்கனமும் இனிப்பும் வேண்டும். தாமதமாக அறுவடை செய்து எடுக்கும் இனிப்பு வகையில் அது இருக்கிறது. இன்னொரு பக்கம், வாத்தின் தொண்டையில் குழாய் வைத்துத் தீனி திணிக்கும் முறையைப் பல நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியா 2014இல் ஃபுவா கிரா இறக்குமதியையே நிறுத்தியது. அதனால் நம்மூரில் இந்தப் பொருத்தம் படிப்போடு சரி.

பொருந்தாததையும் சொல்ல வேண்டும். அல்சாஸ் என்றாலே புளிக்க வைத்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும். அதற்கு ஊர்க்காரர்கள் பெரும்பாலும் எடுப்பது ரீஸ்லிங். கெவுர்ட்ஸ்ட்ராமினரில் புளிப்பு குறைவு. புளித்த சாப்பாட்டுக்கு முன் அது சப்பென்று ஆகிவிடும். நம்ம புளிக்குழம்பு, ரசம் பக்கமும் இதே காரணத்தால் இது வராது.

மசாலா என்ற சொல் செய்த வேலை

உலகெங்கும் ரெஸ்டாரன்ட் ஒயின் அட்டைகளில் "இந்திய உணவுக்கு கெவுர்ட்ஸ்ட்ராமினர்" என்று எழுதியிருக்கும். பெயரிலேயே மசாலா இருக்கிறதே, அப்புறம் என்ன என்ற கணக்கு. ஆனால் பெயரில் உள்ள மசாலா வாசனையைத்தான் குறிக்கிறது, காரத்தை இல்லை.

காரம் என்பது நாக்கில் சூட்டை உணரும் நரம்பு வாசலை மிளகாய் ஏமாற்றித் திறப்பது. அந்த வாசல் சாதாரணமாக ஏறக்குறைய 42 டிகிரி சூட்டில்தான் திறக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே திறந்துவிடும் என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. உடம்புச் சூடே அதைவிட அதிகம். அதனால்தான் மிளகாயோடு மது சேர்ந்தால் எரிச்சல் ஏறுகிறது. இந்த ஒயினில் ஆல்கஹால் 13, 14 சதவீதம் என்று தூக்கலாகவே இருக்கும். ஆந்திரா கோங்குரா மட்டனோடு இதைக் குடித்தால் வாய் பற்றி எரியும், அட்டை எழுதியவர் வந்து அணைக்க மாட்டார்.

மிளகாயை ஒதுக்கிவிட்டு வாசனைச் சரக்குகளை மட்டும் பார்த்தால் அந்த அட்டை பாதி சரி. இஞ்சி, ஏலக்காய், கிராம்பு, பட்டை, ரோஜா இதழ், முந்திரி, தேங்காய்ப்பால் வரும் சமையலுக்கு இது நன்றாகப் போகும். காரம் குறைந்த குருமா, கறிமசாலா அதிகம் நெடியடிக்காத பிரியாணி, இஞ்சி தூக்கலான சீனச் சமையல் எல்லாம் அந்த வரிசை. லேசான காரம் இருந்தால் கொஞ்சம் இனிப்புள்ள பாட்டில் தாங்கும். அல்சாஸில் இனிப்பு எவ்வளவு என்று பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் ரொம்ப நாள் மக்கள் திண்டாடினார்கள். 2021 அறுவடையிலிருந்து இனிப்பு நிலையைப் பாட்டிலில் போடுவது கட்டாயமாகிவிட்டது.

ஹைலிகென்ஸ்டைன்

கடைசியாக ஓர் ஊர். அல்சாஸில் ஹைலிகென்ஸ்டைன் என்று ஒரு கிராமம். 1742இல் அந்த ஊர்த் தலைவர் ஏரெட் வான்ட்ஸ் சாவன்யான் ரோஸ் கொடியை அங்கே நட வைத்தார். வாசனை ஏறாத, பழைய ரோஸ் நிறத் திராட்சை. கெவுர்ட்ஸ்ட்ராமினருக்குத் தாய் முறை. வாசனைப் பிள்ளை வந்தபிறகு அல்சாஸ் முழுக்கத் தாயைப் பிடுங்கிப் போட்டார்கள். இந்தக் கிராமமும் சுற்றியுள்ள நாலு ஊர்களும் மட்டும் விடவில்லை. 1971இல் அவர்களுக்குத் தனி அனுமதி கிடைத்தது. "ஹைலிகென்ஸ்டைன் க்ளெவ்னெர்" என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். அந்த நாலு ஊர்களில் ஒன்று கெர்ட்வில்லெர். தேன், பட்டை, இஞ்சி, கிராம்பு போட்டுச் சுடும் மசாலா ரொட்டிக்கு அல்சாஸில் பேர்போன ஊர் அது.

ஜெர்மனியின் ரோட் கிராமத்தில், முப்பது ஆண்டுப் போருக்கு முன்பே நட்டதாக ஊரார் சொல்லும் ட்ராமினர் கொடிகள் சில இன்னும் காய்க்கின்றன. ஏறக்குறைய 400 வருஷம். அந்தக் கொடிகள் நட்ட பிறகு அந்த மண்ணை எத்தனை ராஜாக்கள், எத்தனை கொடிகள், எத்தனை அரசாங்கங்கள் ஆண்டிருக்கும் என்று எண்ண உட்கார்ந்தேன். விரல் போதவில்லை. வருஷா வருஷம் கவாத்துக் கத்தியோடு வந்தவர்கள் யாரும் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். போன வருஷக் குச்சியில் எத்தனை மொட்டை விட வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணியது.